கேட்டது

உதுமான் லெப்பைக்கு வலது கால்
ஈஜிபுராவில், பாதியில் நின்ற மேம்பாலத்தின் கீழ் முறிந்தது.
மூன்று வாரமாக முட்டை, தயிர்ச்சோறு,
எதிர்வீட்டு ரெட்டியம்மா தரும் புளிச்சாறு.
ஆட்டுக்கால் சூப்பு குடித்தால் எலும்பு கூடும் என்று
கட்டுப்போட்ட டாக்டர் சொல்லவில்லை,
மேலப்பாளையத்திலிருந்து போனில் அவன் அக்கா சொன்னாள்.

செயலியில் வரவழைத்தேன்.
குளிரில் விறைத்த பொட்டலம், மூலையில் பச்சை முத்திரை.
தலையணையில் சாய்ந்தபடி திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"எந்த ஊர் ஆடு, யார் அறுத்தது?
ஸ்டிக்கருக்கு வாய் இருக்கா, நான் கேக்க?"
பிரிக்காமலே காவலாளி வீட்டுக்குப் போனது பொட்டலம்.
"நீ போ. நீலசந்திராவுல ஏதாவது கடை.
ஹலாலான்னு கேளு. கேட்டுட்டு வாங்கு."

கேட்பதில் என்ன இருக்கிறது.
ஆறு வருடமாய் இந்த நகரத்தில்
ஆட்டோவுக்கு எவ்வளவு, தண்ணீர் லாரி எப்போது,
முன்பணம் பத்து மாதமா என்று
கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

கடையில் நாலு பேர்.
"இது ஹலால்தானே?"
எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன்.

கட்டைக்கு இறங்கிய கத்தி பாதியில் நின்றது.
டீ குடித்தவர் கிளாசைக் கீழே வைத்தார்.
எலும்பு நறுக்கும் பையன் என் கையைப் பார்த்தான்,
கையில் போன் இருந்தது.
கல்லாவில் இருந்தவர் என் நெற்றியைப் பார்த்தார்.
அப்போதுதான் ஞாபகம் வந்தது:
சனிக்கிழமை. ஆஞ்சநேயர். செந்தூரம்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

உதுமான் கேட்டிருந்தால்
அது கறி வாங்க வந்தவன் கேள்வி.
என் வாயில் அது
யாரோ அனுப்பிவைத்த கேள்வியாகியிருந்தது.

"கால் ஒடிஞ்ச ஒருத்தனுக்கு," என்றேன், தமிழில்.
பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் வரும்.
"நம்பலேன்னா அவன்கிட்டயே பேசுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன்.
ஸலாம். பதில் ஸலாம்.
உதுமான் விடவில்லை. அறுப்பது யார்,
பேர் சொல்லித்தானா,
கூட்டம் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமையிலும் ஒவ்வொன்றுக்கும் சொல்வதுண்டா.
கலீமுல்லா கடைசியில் சிரித்துவிட்டார்.
"பொண்ணு குடுக்கறவங்ககூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்க தம்பி.
நாளைக்கு ஃபஜர் முடிஞ்சு அறுப்போம்.
உங்க ஆளை அனுப்புங்க, நின்னு பாக்கட்டும்."

உங்க ஆள்.

இருட்டு பிரியாத ஐந்தே முக்கால்.
கடைக்குப் பின்னால் ஒரு குண்டு பல்பு, ஈரத் தரை.
சட்டியில் தண்ணீர் வைத்தார்கள், ஆடு குடித்தது.
கத்தியை அதன் கண்ணில் படாமல்
முதுகுப்பக்கம் மறைத்து எடுத்துவந்தார் கலீமுல்லா.
முப்பத்தொரு வருடம் ஆட்டைக்
குழம்பில் மட்டுமே சந்தித்தவன் நான்.
மேற்கே பார்க்கக் கிடத்தினார்கள்.
மூச்சோடு மூச்சாகச் சொன்னார்,
எத்தனையோ முறை காதில் விழுந்து
ஒருமுறையும் நான் கவனிக்காத சொற்களை.
பிறகு வெகுநேரம் யாரும் அதைத் தொடவில்லை.
அவசரப்பட்ட பையனிடம்
"அடங்கட்டும்டா" என்றார்.

குக்கர் எட்டு விசில்.
மிளகு வாசம் மாடிப்படி வரை இறங்கியது.
கிண்ணத்தை வாங்கியவன் குடிக்கவில்லை.
"பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம்.
தண்ணீரைப் பார்த்தேன், கத்தியைப் பார்த்தேன்,
கால்கள் ஓய்வதைப் பார்த்தேன்.
நடுவில் ஒரு நொடி
கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன்.

"கேட்டேன்," என்றேன்.
"பாக்கலையா?"
"சொன்னது காதுல விழுந்துச்சுடா. கண்ணு தானா மூடிருச்சு."

ஆவி அவன் கண்ணாடியில் படிந்து விலகியது.
தெருவில் தண்ணீர் லாரி பின்னோக்கி வரும் சத்தம்.
கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் நகர்த்தி
நிமிர்ந்து உட்கார்ந்தான்.
"சரி. மிச்சத்தை நான் சொல்லிக்கிறேன்."

கிண்ணத்தின் மேல் குனிந்து சொன்னான்,
எனக்கும் கேட்கிற அளவுக்கு.

ஒரு மடக்கு.
"உப்பு பத்தலை," என்றான்.