தட்டிப் பார்த்தல்

தெங்காவில், பதினாலாவது மாடியில்,
இன்னும் யாருக்கும் சாவி தராத வீட்டில்
முட்டி போட்டுத் தரையைத் தட்டுகிறேன்.
இதுதான் வேலை.
கம்பி நுனியில் ஒரு குண்டு;
ஒவ்வொரு டைல்ஸிலும் நாலு மூலை, பிறகு நடு.
சிமெண்ட் நிறைந்த இடம் டக்கென்று வாயை மூடிக்கொள்ளும்.
அடியில் காற்று இருந்தால்
டொக்.
அங்கே நீல டேப் ஒட்டுவேன்.
பின்னால் வருகிறவர்கள் பெயர்த்துப் புதிதாய்ப் பதிப்பார்கள்.
குடிவருகிறவர்களுக்கு இந்தச் சத்தம்
தெரியவே போவதில்லை.

கஜா அடித்த ராத்திரி
எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் எட்டும்
பக்கத்து ஊர்க் கண்மாயில் போய் விழுந்தன.
கூரை பறந்த நாலாம் மாதம்
நானும் பறந்தேன்.
ஏஜெண்டுக்குக் கொடுத்த மூன்று லட்சத்தில்
கூரையே போட்டிருக்கலாமே என்றான் மச்சான் தவசி.
கணக்கு சரிதான்.
ஆனால் கூரைக்கு யாரும் கடன் தரவில்லை.
சிங்கப்பூருக்குத் தந்தார்கள்.

முதல் பெர்மிட் அந்தக் கடனுக்குப் போனது.
இரண்டாவதில் அஸ்திவாரம்,
மழை முந்திக்கொண்டதால் அதையே இரண்டு தரம் தோண்டினோம்.
அரசாங்கத் தவணை லிண்டலோடு நின்றுபோக
தளத்துக்கு மூன்றாவது பெர்மிட்.
ஊரில் இப்போது
ஆள் எப்ப வர்றான் என்று யாரும் கேட்பதில்லை.
வீடு எந்த மட்டத்துல நிக்குது என்பார்கள்.
இரண்டும் ஒரே கேள்விதான்.

கிராஞ்சி விடுதியில் அறைக்குப் பன்னிரண்டு பேர்.
மேல்கட்டில் எனக்கு; நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும்.
கீழ்க்கட்டில் ஷொஃபிகுல்.
அவன் ஊரில் ஆறு கரையைத் தின்றுகொண்டே வருகிறதாம்.
தகரத்தையும் மரத்தையும் கழற்றி
வீட்டைப் பின்னுக்கு நகர்த்துகிறார்கள், இது மூன்றாவது முறை.
அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது.
சிமெண்ட் விலையை
இருவரும் விரல்விட்டுச் சொல்லிக்கொள்வோம்.

போன ஞாயிறு வீடியோவில்
அஞ்சுகம் புதுத் தரையைக் காட்டினாள்.
ஹால் முழுக்க, இரண்டுக்கு இரண்டு,
மின்விசிறி அதில் தலைகீழாகச் சுற்றியது.
"ஒத்த ரூபாக் காசு இருக்கா? தட்டு.
போனைத் தரையோட வை."
சிரித்தாள். தட்டினாள்.
டக். டக்.
டொக்.
வாசலுக்குப் போ என்றேன். டொக்.
சன்னலடியில். டொக்.
சமையலறைக்குப் போகச் சொல்லவில்லை.

"என்னங்க கேக்குது?"
"நல்லாருக்கு."

கொஞ்ச நேரம் அவள் முகம் உறைந்து நின்றது.
சிக்னல் என்றுதான் நினைத்தேன்.
"நான் ஒண்ணு சொல்லணும்.
பாப்பா இனி ஒம்பதாவது. ஆறரைக்கு ஒரு பஸ்,
அதை விட்டா ராத்திரிதான்.
அறந்தாங்கியில, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால
மாடியில ஒரு ரூம் பாத்திருக்கேன்.
நாலாயிரம். தண்ணி வருது.
இதைப் பூட்டி வைப்போம்,
நீங்க வர்றப்ப திறந்துக்கலாம்."

ஏழு வருஷம் கட்டிய வீட்டைச்
சாவியோடு அவள் கையில் பார்த்தேன்.
பூட்டுகூடப் புதுசு.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை. தண்ணி வருது என்று சொன்னபோது
அவள் குரல் நிறைந்திருந்தது;
நான் தட்டிப் பார்த்தேன்,
எந்த மூலையிலும் காற்று இல்லை.

நேற்று நாலாவது பெர்மிட்டுக்குக் கையெழுத்து.
வாடகை நாலாயிரம்,
பெயர்த்துப் பதிக்கக் கூலி தனி.
கட்டிலுக்கு அடியில்
ஊருக்கென்று சேர்த்த பெட்டியில்
சோப்புக்கும் தைலத்துக்கும் நடுவே
ஒரு சுருள் நீல டேப்.