காலி வண்டியின் எடை

புளியரைச் சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால்
என் சன்னல்.
மலையேறப் போகிற லாரியெல்லாம்
என் இரும்புப் பலகையில் நின்று
ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போகும்.
ஏழு மாத லீவுக்குப் பிறகு
அதே நாற்காலி. கைப்பிடிகள் மட்டும்
இடுப்பைக் கிள்ளுகின்றன.

"எந்தா, லோடு கூடியல்லோ" என்றான்
புனலூருக்கு வாழைத்தார் ஏற்றிப்போகும் சாஜன்.
பதினெட்டு டன் இருநூறு.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
வண்டியைத்தான் சொன்னானென்று
வைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று ஐம்பத்து நாலு.
ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் எழுபத்தாறு.
தன்ஷிகா மூன்று கிலோ,
நீரும் நஞ்சுமாய் இன்னொரு மூன்று.
கழிக்கத் தெரியாதவளா நான்?
தினம் நூறு வண்டிக்குக் கழிக்கிறவள்.
மிச்சம் யார் ஏற்றிய சரக்கு?

லீலாவதி மதினி ஒரு டப்பா கொண்டுவந்தாள்.
ஏலக்காய் வாசத்தில் பொடி.
அட்டைப் படத்தில் ஒருத்தி
தன் பழைய பேண்டுக்குள்
இன்னொருத்திக்கும் இடம் விட்டு நின்றாள்.
"ராத்திரிச் சோத்த நிறுத்து, இதக் குடி,
மாசம் பத்துக் கிலோ."
குடித்தேன்,
பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் பின்னிரவில்
பிள்ளை இந்தப் பக்கம் சப்பினாள்,
அந்தப் பக்கம் சப்பினாள்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள்.
கடற்கரை எழுந்து லைட்டைப் போட்டான்.
ஒன்றும் கேட்கவில்லை.
மூடிவைத்த சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து
கிண்ணத்தோடு நீட்டினான்.
நின்றபடியே தின்றேன்,
பிள்ளை அழ அழ,
விரல் இடுக்கெல்லாம் நக்கி.

செங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஜெபசெல்வி நர்ஸ்
என்னைவிட ஆறு வயது இளையவள்.
தையலைத் தடவிப் பார்த்தாள்.
தலையை மட்டும் தூக்கச் சொல்லி
நடுவயிற்றில் விரல் வைத்தாள்.
"ரெண்டு விரல் போகுது, இது மூடட்டும்.
இப்பவே குதிக்காதீங்க, நடங்க.
பால் குடுக்கிறவ பசிச்சா சாப்பிடணும்.
வாரம் அரைக்கிலோ குறைஞ்சா போதும்.
குறையாத வாரமும் வரும்."
டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.
அதில் எழுத்து கடுகைவிடச் சிறிசு.
"ஒம்பது மாசம் ஏத்துனத
ஒரே மாசத்துல யாருக்கா எறக்கச் சொன்னா?"

பதில் சொல்லாமல்
எனக்குத் தெரிந்ததை நினைத்துக்கொண்டேன்:
காலியாகத் திரும்பும் வண்டியும்
இரண்டு முறை ஒரே எடையில் வருவதில்லை.
டீசல் இருக்கும், சாரலில் நனைந்த தார்ப்பாய் இருக்கும்,
டிரைவர் தின்ற புரோட்டா இருக்கும்.
யாரும் வண்டியைத் திட்டுவதில்லை.

இப்போது சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு
இரண்டு ஸ்டாப் நடக்கிறேன்.
கணவாய்க் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது.
மூச்சை விடும்போது
அடிவயிற்றை உள்ளே கூப்பிட வேண்டுமாம்.
கூப்பிடுகிறேன்.
சில நாள் வருகிறது.
நாலு மணிக்கே ரவிக்கை நனைந்திருந்தால்
நடையாவது ஒன்றாவது, ஆட்டோதான்.

ஞாயிற்றுக்கிழமை லாரி இல்லை.
நாத்தனார் பால் குடிக்கப் பிள்ளையைக் கொண்டுவந்தாள்.
யோசிக்காமல் பலகையில் ஏறிவிட்டேன்,
தனியாக.
வெளிப்பலகையில் சிவப்பில் எழுபது.
ஆஸ்பத்திரித் தராசில் அறுபத்தெட்டு.
பிள்ளையை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினேன்.
எழுபதேதான்.
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்
இந்த மேடைக்கு.

உள்ளே இசக்கித்துரை விளையாட்டாய்ப்
பட்டனை அழுத்திவிட்டான்.
சீட்டு வந்தது:
ஏற்றிய எடை எழுபது,
காலி எடை எழுபது,
சரக்கு பூஜ்யம்.
"வண்டி நம்பர் என்னக்கா போட?"

அதற்குள் தன்ஷிகா அதைப் பிடுங்கி
வாயில் வைத்துவிட்டாள்.
ஊறிப்போன தாளை
விரல்விட்டு எடுத்தேன்.
பால் கொடுத்து முடித்ததும் வழக்கம்போல்
அப்படியொரு பசி.
தூக்கில் மூன்று இட்லி இருந்தது,
நிலக்கடலைச் சட்னியோடு.