மூன்சாமி

அடையாள அட்டையில் பார்த்தேன்:
சார்மெய்ன் மூன்சாமி,
பானல் ஆபரேட்டர், மூன்றாம் டிரெயின், ராஸ் லஃபான்.

டிரெயின் என்றால் இங்கே ரயில் இல்லை.
வாயுவை நடுங்க நடுங்கக் குளிரவைத்து
நீராக்கிக் கப்பலேற்றும் குழாய்க்காடு.

கப்பல் என்றதும் எனக்கு ஓடிவிட்டது புத்தி.
சென்னைத் துறைமுகத்தில் ஒரு முனுசாமி,
காதில் விழுந்ததை எழுதிக்கொண்ட ஒரு குமாஸ்தா.
அவள் காபிக்குச் சர்க்கரை கலக்கி முடிப்பதற்குள்
முழுச் சரித்திரமும் தயார் என்னிடம்.

"நீங்க தமிழ்தானே?" என்றேன் ஆங்கிலத்தில்.
"டிரினிடாட்" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"அண்ட் டொபேகோ.
அதை விட்டுவிட்டால் அம்மா ஃபோனை வைத்துவிடுவாள்."

ஷட்டவுன் மாதம். இரவு ஷிப்ட்.
பெர்மிட் வராமல் வேலை இல்லை,
வேலை இல்லாமல் தூக்கமும் இல்லை.
ஆகவே நாடு கேட்டேன்.

வெனிசுவேலாவின் மூக்குக்கு முன்னால்
பறக்கிற ஈ ஒன்று, வரைபடத்தில்.
ஈக்குப் பின்னால் ஒரு துளி.
துளியில்தான் அம்மா.

மொத்தம் பதினாலு லட்சம் பேர்.
"கோயம்புத்தூரைவிடக் குறைச்சல்" என்றேன்.
"சத்தம் அதிகம்" என்றாள்.

தீபாவளிக்கு லீவு, ஈதுக்கு லீவு,
கிறிஸ்துமஸுக்குக் கறுப்புக் கேக்கும் லீவும்.
"ஊர் எப்போதுதான் வேலை செய்யும்?"
"கார்னிவலுக்கு உடுப்புத் தைக்காத நாட்களில்."

லா ப்ரேயா என்ற ஊரில் ஒரு ஏரியாம்.
தண்ணீர் இல்லை, தார்.
மேலே நடக்கலாம், நிற்கக் கூடாது.
தோண்டிய பள்ளம் தானே மெல்ல மேவிக்கொள்ளும்.
என் கடனைப் போல என்று சொல்ல வந்து
சொல்லவில்லை.

தெருமுனையில் டபுள்ஸ்.
கையகலப் பூரி இரண்டு, நடுவே கொண்டைக்கடலை.
காரம் எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி,
சாதி மதமெல்லாம் வரிசையில் நிற்கும்போதே
வேர்த்துப் போய்விடும் என்றாள்.
பிறகு அவளே திருத்தினாள்:
"தேர்தல் வருஷம் தவிர."

அப்பா வழியில் கரும்புத் தோட்டம்,
ஐந்து வருஷ ஒப்பந்தம்.
நடுவே ஒரு சீனர், மளிகைக்கடை.
"அம்மா வழியில் ஒப்பந்தமே கிடையாது.
சங்கிலி."

எனக்கு இரண்டு வருஷம்.
அதை அந்த நேரத்தில் சொல்வது
சரியாகப் படவில்லை.

பிறகு எழுந்து வெளியே போனாள்.
மணல் நிரப்பி, சிகரெட் அணைக்கிற
பழைய எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்தாள்.
ஸ்பானரால் ஒரு தட்டு.
சாரம் கட்டும் நேபாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.
இரண்டு தட்டு. மூன்று.
ஃபிளேர் நெருப்பு மட்டும் கூட ஆடியது.

"இது பாடாது" என்றாள்.
"வயிற்றை உள்ளே அடித்து இறக்கி,
தீயில் வாட்டி,
ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குமிழ் எழுப்ப வேண்டும்.
எண்ணெயை வேறு யாரோ கொண்டுபோனார்கள்.
டிரம் எங்களிடம் மிஞ்சியது."
மணலைத் திரும்ப அள்ளிப் போட்டாள்,
சிகரெட் துண்டுகளோடு.

"நீ ஊரைவிட்டு கல்ஃபுக்கு வந்தாய்.
எங்கள் வாசலிலேயே ஒன்று உண்டு, பரியா வளைகுடா.
நான் கல்ஃபிலிருந்து கல்ஃபுக்கு வந்தவள்."

விடவில்லை நான்.
மூன்சாமி என்பது முனுசாமி என்றேன்.
முனி என்றால் பேசாமல் தவமிருப்பவர்.
இன்னொரு முனி, சுருட்டுப் பிடித்து
ஊர் எல்லையில் நிற்பவர்.

"அந்த இரண்டாவது ஆள் என் அப்பா" என்று
பெர்மிட் அறையே திரும்பச் சிரித்தாள்.
"ஆனால் பாரி,"
(இளம்பரிதி அவள் வாயில் அவ்வளவுதான்)
"பள்ளிக்கூடம் முழுக்க
என்னை நிலா என்றுதான் கூப்பிட்டார்கள்.
அதை எங்கே வைப்பது?"

ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினாள்,
தமிழில் எழுதித் தரச் சொல்லி.
மார்க்கரைத் திறந்தேன். மு போட்டேன்.
கை நின்றது.
அதன் காலை இன்னொரு சுழி சுழித்து
மூ ஆக்கினேன்.
ன். சா. மி.

"இதில் எது நிலா?"
முதல் இரண்டு எழுத்தைக் காட்டினேன்.
தொட்டுப் பார்த்தாள்.
காயவில்லை,
விரலில் கொஞ்சம் ஒட்டியது.