அரை ஷட்டர்

பலகையில் இன்னும்
'ஞா. வேதக்கண் அண்டு சன்ஸ்'.
சன்ஸில் ஒருவன் டொரான்டோவில்,
ஒருவன் காசிமேட்டுக் கல்லறையில்.
கயிறு விற்பது நான், எப்சிபா,
மூன்றாவதாய்ப் பிறந்து
பெயிண்டர் கணக்கில் வராதவள்.

கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை.
தார் மணக்கும் மணிலாக் கயிறு,
ஈயக் குண்டு, மிதவை, கிரீஸ் டப்பா.
பேரேட்டின் முதல் பக்கத்தில்
தாத்தா போட்ட கோடு வருடா வருடம் அப்படியே:
கூலிக்கு அடுத்து, எங்கள் சோற்றுக்கு முன்
சுருளுக்கு ஓரணா என்று தொடங்கிய பத்தி.
தலைப்பு கிடையாது.
தொகை மட்டும்; பேர் எழுதக் கூடாது.

ஆடிட்டர் தலையில் அடித்துக்கொள்கிறார்.
"யாருக்குக் குடுத்தீங்க, ரசீது எங்கே,
வரிவிலக்கு எப்படிக் கேக்கறது?"
விலக்கு வேண்டாம் சார் என்றால்
ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

தாத்தா நாளில் அது புயல் மாதம்.
இப்போது தடைக்காலம்.
சித்திரை பிறந்தால் அறுபத்தோரு நாள்
போட்டோடு போட்டு உரசிக்கொண்டு நிற்கும்.
அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

சனிக்கிழமை விளக்கு வைத்த பிறகு
ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கிவிடுவார் அப்பா.
தெருவுக்குக் கால்கள் தெரியும், முகம் தெரியாது.
"வாங்குறவங்க மானம் நம்ம கையில" என்பார்.
அவருக்குப் பின் பதினோரு வருடம்
நானும் அங்கேயே நிறுத்தினேன்,
சுவரில் அவர் ஆணியால் கீறிய குறியில்.

"நம்பர் வாங்கி அனுப்பிவிடேன்" என்றான் அண்ணன், போனில்.
கல்லாமேல் இருக்கும் பெட்டி
அஞ்சு ரூபாய் வந்தாலும் தெருமுனைவரை கத்துகிறது.
பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

போன மே, மூன்றாம் சனி,
தேசம்மா வந்தாள்.
வந்தாள் என்பது தப்பு; வெளியே நின்றாள்.
வெடித்த குதிகால் இரண்டு,
உப்புப் பூத்த புடவை விளிம்பு.
மற்றவர்கள் குனிந்து வந்தார்கள், குனிந்து போனார்கள்.
அந்தக் கால்கள் அசையவில்லை.

"உள்ள வாங்கம்மா."
"எப்டி வர்றது? குனிய முடியாது எனுக்கு.
முப்பது வருசம் கூட தூக்குன இடுப்பு.
இன்னாத்துக்கு இப்டி பாதி சாத்தி வெச்சிகினு கீற?
நானு இன்னா திருடவா வந்தேன்?
பேரனுக்கு பீஸு கேக்க வந்தேன்."

தெரு கேட்டது.
ஹாரனில் கை வைத்திருந்த கண்டெய்னர் லாரிக்காரன்
கையை எடுத்துவிட்டுக் கேட்டான்.

எண்பது வருட மரியாதை
மூன்றடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.
அதன் அடியில் எத்தனை தலை நுழைந்திருக்கும்?
பேர் எழுதாத கணக்கு.
கூட்டிப் பார்க்க வழியில்லை.

ஷட்டரை மேலே தள்ளியிருப்பேன்.
ஆனால் உள்ளே நைலான் மூட்டைமேல்
ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்,
கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு,
கூடப் படிக்கிறவர்கள் தெருவில் போய்விடட்டும் என்று.
அவனுக்கு அந்தப் பாதி வேண்டும்.

அதனால் நான் குனிந்தேன்.
கடைக்காரி குனிந்து வெளியே போனது
அதுதான் முதல் தடவை.
பின்னந்தலை இடித்தது,
கொண்டையில் கிரீஸ் அப்பியது.
நிமிர்ந்தால், தேசம்மா என்னைவிட உயரம்.

கவரை அங்கேயே பிரித்தாள்,
எச்சில் தொட்டு எண்ணினாள்.
"ஐநூறு கொறையுது."
குறைந்துதான் இருந்தது.
மறுபடி குனிந்து உள்ளே போய்
மறுபடி குனிந்து வெளியே வந்தேன்.
"இடுப்பப் பாத்துக்கோ" என்றாள்.

ஷட்டர் இன்றும் அதே குறியில்தான் நிற்கிறது.
வெளியே ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன்.
கேட்பவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகிறேன்.

அன்று ராத்திரி பேரேட்டில்
தொகையை எழுதி, அதன் கீழே
'ஷாம்பு, நாலு ரூபாய்' என்று எழுதி
அடித்தேன்.
அது வீட்டுக் கணக்கில் வரும்.