உரத்துக்கு விலை

பஸ்கா வாரத்தில் கீதரோன் ஓடை தண்ணீரை மறந்துவிடும்.
மலைமேல் கோவிலிலிருந்து ஒரு கால்வாய்
நிலத்துக்கடியில் இறங்கி
எங்கள் வெங்காயப் பாத்திக்கு நாற்பது அடி மேலே
வாய் திறக்கிறது.
முதலில் ஈ வரும். பிறகு சத்தம் வரும்.
பிறகு அது வரும்.

குடம் ஒன்றுக்கு ஒரு காசு.
கோவில் கணக்கன் மத்தனியா
மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு எண்ணுவான்.
காசு கொடுக்காமல் ஒரு கை அள்ளினால்
கடவுளிடம் திருடியதாகும்.
கொடுத்துவிட்டால் வெறும் உரம்.
எந்த நொடியில் பரிசுத்தம் கழன்றுபோகிறது என்று
என் கணவர் அசரேல் ஒருமுறை கேட்டார்.
“காசு என் பெட்டியில் விழும் நொடியில்” என்றான்.
அவன் கேலி செய்யவில்லை. சட்டம் அப்படித்தான்.

மேலே சுகந்த வாசனை என்கிறார்கள்.
அதன் கீழ்ப்பாதிக்கு
நாங்கள் ஜன்னல் சாத்துகிறோம்.

எமீமாள் பிறந்து எண்பது நாள் கழித்து
நானும் படியேறினேன்.
ஆட்டுக்குட்டிக்கு வக்கில்லாதவளுக்கு
இரண்டு புறாக்குஞ்சு என்று சலுகை உண்டு.
ஒன்று தகனத்துக்கு. ஒன்று பாவத்துக்கு.
எந்தப் பாவம் என்று கேட்டேன்.
நீண்ட வரிசை. ஆசாரியர் இளையவர்,
விரல்நுனியில் இறகு ஒட்டியிருந்தது.
“பிரசவித்தாயே” என்றார்.

இரண்டு இரவும் ஒரு பகலும் கத்தினேன்.
மருத்துவச்சி என் வாயில் கயிற்றைத் திணித்தாள்.
அந்த நேரத்தில் ஏதோ செய்திருக்கிறேன் போல.

கத்தி இல்லை. கட்டைவிரல் நகம்தான்.
பிடரியில் வைத்து ஒரு அழுத்து.
அவரைக்காய் முனையைக் கிள்ளுகிற சத்தம்.
அதை என் அடுப்படியில் இப்போதும் கேட்கிறேன்.
பக்கச்சுவரில் கொஞ்சம் தெளித்தார்,
மீதியைப் பலிபீடத்தின் அடியில் பிழிந்தார்.
அடியில் ஒரு துளை.
துளைக்குள் இருட்டு.
அது எங்கே போய்த் திறக்கிறது என்று
அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நான் வீடு சேர்வதற்குள் என் புறாவும் சேர்ந்திருந்தது.
அசரேல் மூன்று குடம் வாங்கியிருந்தார்.
ஒரே புறாவுக்கு இரண்டு முறை காசு கொடுத்த குடும்பம்
எருசலேமில் நாம்தான் என்றேன்.
சிரித்தார். பிறகு மண்வெட்டியைக் கீழே வைத்தார்.
எமீமாள் என்றால் எங்கள் பேச்சில் புறா.

ஓய்வுநாளில் தீர்க்கதரிசிகளை வாசிக்கிறார்கள்.
கொழுப்பு திகட்டிவிட்டது என்று
கடவுளே சொல்லி எழுநூறு வருஷம்.
வாசித்தவரே மறுநாள்
சாணை பிடிக்கிறவன் வாசலில் நிற்கிறார்.
வாங்குகிறவர் போதும் என்கிறார்,
கொடுக்கிறவர் நிறுத்த மறுக்கிறார்.
அப்படியானால் இது யார் பசி?

இதே மலைதானாம்,
ஆபிரகாமின் கையை வானம் தடுத்த இடம்.
பையன் பிழைத்தான். சந்தோஷம்.
புதரில் சிக்கிய ஆட்டுக்கும் ஒரு தாய் இருந்திருக்கும்.
அது எந்தச் சரிவில் கத்திக்கொண்டு அலைந்தது
என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.
ஆபேலின் ரத்தம் மண்ணிலிருந்து கூப்பிட்டதை
எழுதியிருக்கிறார்கள்.
எங்கள் பாத்தியில் எத்தனை தொண்டை.
இரவில் வெளியே போனால்
கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.

அந்த வருஷம் ஒரு பாத்தியைப் பிரித்தேன்.
கழுதைச் சாணமும் அடுப்புச் சாம்பலும் மட்டும்.
பொய் சொல்ல மாட்டேன்,
வெங்காயம் மெலிந்துதான் வந்தது.
ரத்தப் பாத்தியில் ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு.
ஆசாரியர் வீட்டுப் பெண்கள்
சந்தையில் அதையே பொறுக்கினார்கள்.

மெலிந்ததை நாங்கள் தின்றோம்.
எமீமாள் ஒன்றைக் கடித்து, முகம் சுளித்து,
கண்ணில் நீர் வர மறுபடி கடித்தாள்.

இப்போது எனக்கு நான்கு மாதம்.
புறா விற்கிறவன் நேற்று வந்து
விலை ஏறப்போகிறது, முன்பணம் தந்துவிடு என்றான்.
கூடையில் அவை ஒன்றின் கழுத்தில் ஒன்று
தலை வைத்துக் கிடந்தன.

நாளைக்கு வா என்று சொல்லியிருக்கிறேன்.