திருப்திகரமாக

ஒப்பந்தப்புள்ளி ஆவணம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நாற்பதைத் தாண்டுவதற்குள்
கப்பலூர் சிட்கோ காவலர்
இரண்டு தடவை விசில் ஊதிப் போய்விட்டார்.
எரிசக்தி முகமைக்கு வேண்டியது
பள்ளிக்கூட மொட்டைமாடிகளில் சோலார் தகடு தாங்க
நானூறு இரும்புச் சட்டங்கள்.
எங்களிடம் இருப்பது
மூன்று வெல்டிங் மிஷின், ஒரு பவர் பிரஸ், ஐந்து பேர்,
சிறுதொழில் பதிவுச் சான்று ஒரே ஒரு தாள்.

அந்தத் தாள் லேசுப்பட்டதில்லை.
வைப்புத்தொகை மூன்றரை லட்சம்
கட்ட வேண்டாம் என்று அதுதான் சொன்னது.
என் கம்மல் காதிலேயே இருக்கிறது.

பிரிவு ஏழு, உட்பிரிவு இ:
அரசு வேலை ஒன்றையாவது
திருப்திகரமாக முடித்ததற்கான சான்று.

இருந்தது.
சேடப்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சிக்குப்
பதினாலு விளக்குக் கம்பம் நட்டோம், போன வருஷம்.
சீல் இருந்தது. தேதி இருந்தது.
'பணி முடிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது.
பக்கத்து ஷெட் லியாகத் அலி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:
"தங்கச்சி, அந்த ஒரு வார்த்தை இல்லேன்னா
வெலைக் கவரைப் பிரிக்கவே மாட்டாய்ங்க.
என்னையப் பக்க நம்பர் போடலன்னு தூக்குனாய்ங்க."

ஒரு வார்த்தைக்குப் போக வர எண்பது கிலோமீட்டர்.
ஊராட்சிச் செயலர் ஒச்சப்பன்
பேனா மூடியைத் திறக்கவில்லை.
"எழுதிரலாம்மா. ஒம்பதாம் கம்பத்த
ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க."

சோளக்காட்டைப் பார்த்துக் குனிந்து நின்றது அது.
இடுப்பில் டிராக்டர் இடித்த நசுங்கல்,
ஒட்டியிருந்த நீலப் பெயின்ட்.
எங்கள் தப்பில்லை என்று வாயெடுத்தேன்.
அடித்தட்டில் நாலு துளை,
மூன்று போல்ட்.
நாலாவதில் எறும்பு மண் ஏற்றியிருந்தது.
எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

பவுன்ராஜ் டி.வி.எஸ்ஸில் வந்து சேர்ந்தான்,
செயின் பிளாக்கும் ஒற்றை போல்ட்டுமாக.
நிமிர்த்தி முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது.
ஆறரைக்கு விளக்கு தானே எரிந்தது.
ஒச்சப்பன் அண்ணாந்து பார்த்தார், பிறகு எழுதினார்
'திருதிகரமாக' என்று.
நான் காட்ட, மேலே ஒரு ப் செருகி
அதற்கும் ஒரு சுருக்கொப்பம் போட்டார்.

கடைசி நாள், மூன்று மணிக்கு மூடுகிறார்கள்.
கப்பலூரில் ஒன்பது முதல் ஐந்து வரை
மாதாந்திரப் பராமரிப்பு, கரண்ட் இல்லை.
லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு
திருமங்கலம் ஜெராக்ஸ் கடையில்,
யாருடைய வாரிசுச் சான்றுக்கோ பின்னால் வரிசையில் நின்று,
சாவிக்கொத்தில் தொங்கிய டிஜிட்டல் கையெழுத்தைச் செருகினேன்.
சுற்றியது, சுற்றியது.
இரண்டு ஐம்பத்தொன்றுக்கு ஒரு எண் வந்தது.
கையில் எழுதிக்கொண்டேன், பிரிண்ட்டும் எடுத்தேன்.

அன்றைய கணக்கு நோட்டில்:
பெட்ரோல் இருநூற்றுப் பத்து, போல்ட் முப்பத்தெட்டு,
பவுன்ராஜ் அரை நாள்.
சட்டத்துக்குச் சொன்ன விலையில்
இதில் எதுவும் சேரவில்லை.

வியாழக்கிழமை கவர் திறப்பு.
லியாகத் அலி கேட் வழியாகத் தலையை நீட்டிச் சொல்லிப் போகிறார்:
துத்தநாகம் கிலோவுக்கு ஒன்பது ரூபாய் ஏறியிருக்காம்.