சாவியோடு சேர்த்து

காலை ஐந்தரைக்கு வந்தார்கள். மூன்று தவணை பாக்கி.
பைக்கில் இரண்டு பேர், ஒருவர் கையில் காகிதம்.
இரவெல்லாம் பெய்து விட்டிருந்தது.
பள்ளத்தூர்த் தெருவில் ஓர் ஆள் இல்லை.
கேட்டதும் சாவியைக் கொடுத்தேன்.
சண்டைக்குத் தயாராக வந்திருப்பார் போல,
சவரிராஜ் என்று பெயர் சொன்னவர்
கொஞ்சம் ஏமாந்துகூடப் போனார்.

ஒன்று சொல்லட்டுமா என்றேன்.
சாவியைத் திருப்பியதும் கிளப்பாதீர்கள்,
அந்த ஆரஞ்சு விளக்கு அணையட்டும்.
எண்ணெய் மேலே ஏற ஒரு நிமிடம் வேண்டும் அதற்கு.
இரண்டாம் கியர் குளிரில் முரண்டு பிடிக்கும்.
தள்ளாதீர்கள்.
நியூட்ரலில் கிளட்சை ஒருமுறை விட்டு
மறுபடி மிதித்தால் தானே போய் விழும்,
பழைய தாழ்ப்பாள் போல, ஒரு சத்தத்தோடு.
அது சரியான சத்தம்.
கிளட்ச் மேல் காலை ஊன்றி வைக்காதீர்கள்.
ஹேண்ட் பிரேக் இருக்கிறது, பார்வைக்கு.

தலையாட்டிவிட்டு ஏறினார்.
விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கிளப்பினார்.
குளிர்ந்த எஞ்சின் அலறியது.
எனக்குக் கடைவாய்ப் பல் கூசியது.

போன ஐப்பசியில்
அறுந்து விழுந்த கம்பியைத் தேடி
வேலங்குடிக் கண்மாய்க்குள் இறங்கினோம்.
லைன்மேன் இரண்டு பேர், ஏணி, கம்பிச் சுருள்.
பாதியில் வண்டல் அச்சுவரை விழுங்கிவிட்டது.
மிதி, மிதி என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.
மிதித்தால் சக்கரம் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும்.
இறங்கி நான்கு டயரிலும் பாதிக் காற்றை விட்டேன்.
முன்சக்கரங்களைப் பூட்டினேன்.
லோவில் முதல் கியர்.
பிறகு எல்லாவற்றின் மேலிருந்தும் காலை எடுத்துவிட்டேன்.
முணுமுணுத்துக்கொண்டே ஏறியது வண்டி,
சினைமாடு கரையேறுவது போல,
யாரையும் பார்க்காமல்.
நான் செய்த தப்பு ஒன்றுதான்:
கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் வைத்திருந்தேன்.
சேற்றுக்கு அடியில் கிடந்த செம்புராங்கல்
சக்கரத்தை உதைக்க, வளையம் விரலை உதைத்தது.
இன்றும் மழைக்கு முன்னால் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும்.
நேற்றுச் சாயங்காலமும் தெரிந்தது.

தெருமுனையில் கியர் அரைந்தது.
மறுபடி அரைந்தது.
மூன்றாம் முறை அரைவதற்குள்
செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டேன்.
தள்ளி உட்காருங்கள்.

காரைக்குடிவரை நானே ஓட்டினேன்.
பள்ளத்துக்கு முன்னால் பிரேக், பள்ளத்தில் இறங்கும்போது விட்டுவிட வேண்டும்,
இல்லாவிட்டால் பட்டை வில்லுக்கு அடி.
குறுக்கே வெட்டிய கால்வாயைக்
கோணலாகக் கடந்தேன், ஒரு சக்கரம், பிறகு ஒரு சக்கரம்.
நாற்பதில் கதவு ஆட்டம் நின்றுவிடும்,
அந்த நாற்பதிலேயே போனோம்.
கோட்டையூர் தாண்டியதும் சவரிராஜ் கேட்டார்:
"இவ்வளவு பார்த்து ஓட்டுறீங்க,
தவணையையும் பாத்திருக்கலாமே?"
பார்த்தேன்.
காண்ட்ராக்டர் ஏழு மாதமாகப் பணம் தரவில்லை.
அந்த ஆளுக்கு எந்தச் சத்தமும் கேட்காது.

யார்டில் வரிசையாக வண்டிகள்.
ஓர் ஆட்டோவின் கண்ணாடியில்
ஆயுதபூஜை மாலை, நார் மட்டும் மிச்சம்.
உடனே அணைக்கவில்லை.
கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டேன், சூடு இறங்கட்டும் என்று.
அவர் அவசரப்படுத்தவில்லை.
காகிதத்தை மடியில் விரித்து எழுதினார்:
ஸ்டெப்னி ஒன்று. ஜாக் ஒன்று. டூல்ஸ் பை ஒன்று.
நிலை: ஓடும்.

முதல் கியரில் நிறுத்தினேன்.
சீட்டுக்கு அடியிலிருந்து
எப்போதும் வைக்கும் கல்லை எடுத்துப்
பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன்.
அதையும் எழுதவா என்று கேட்டார்.
சிரிக்கிறாரா என்று பார்த்தேன்.
சிரிக்கவில்லை.